மாற்றித் தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டும் முன்

கல்லூரி முடித்த சமயத்தில், எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்பது வீட்டுக்குத் தெரிந்தது. அதன்பிறகு மூன்று வருடத்துக்கு மேல் என்னை மாற்றுவதிலேயே போனது. ஜெபவீடு, லாட்ஜில் முகாம் போடும் பரம்பரை வைத்தியர், ஹார்மோன் டெஸ்ட், மனநல மருத்துவர், கவுன்சிலிங் என்று கைவிட்டுப் போனது இரண்டரை லட்சத்துக்குக் குறையாது. பாதிக்கு மேல் அப்பாவின் பி.எஃப். பணம். கையில் இருந்த வேலை உத்தரவும் அந்த இடைவெளியில் காலாவதியானது. அந்த நாட்களில் இதையெல்லாம் கடந்து வந்த ஒருவர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்றும் யாரோ ஒரு தம்பியையோ தங்கையையோ இதே வரிசையில் அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கிளம்பும் சண்டையில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கும். இது நானாகத் தேர்ந்தெடுத்ததா என்பது ஒன்று. இதைக் கடவுள் ஏற்பாரா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உடலையும் மனதையும் ஆராய்ந்தவர்கள் பதில் சொல்லலாம். இரண்டாவது விசுவாசம் சம்பந்தப்பட்டது, அதற்கு எந்த ரத்தப் பரிசோதனையும் பதில் தராது. பாவம் என்றால் மாத்திரை எதற்கு? நோய் என்றால் மனந்திரும்பச் சொல்வது எதற்கு? எங்கள் வீட்டில் காலையில் பாவமாக இருந்தது மாலையில் நோயாகிவிடும். சபைப் போதகரான ஐயரிடம் பலிக்காவிட்டால் டாக்டர், டாக்டரிடம் பலிக்காவிட்டால் மறுபடி ஐயர். பணம் கரைந்தது அந்த இழுபறியில்தான். யார் எதைச் சொன்னாலும், "நீங்கள் இந்த இரண்டில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எங்களுடையது தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவக் குடும்பம். அதனால் ஆரம்பம் உபவாச ஜெபத்தில். சபை ஐயர் மென்மையான மனிதர், "ஜெபிப்போம் தம்பி" என்றதோடு நிறுத்திக்கொண்டார். சொந்தக்காரர்கள் கூட்டிப்போன விடுதலை ஊழியக் கூடம் வேறு மாதிரி. உள்ளே ஒரு ஆவி இருக்கிறது, அது பேர் சொல்லும் வரை விடக்கூடாது என்பார்கள். தலையை அழுத்துவது, எண்ணெய் குடிக்க வைப்பது, அசந்தால் அறைவது, இரவு முழுக்கத் தூங்க விடாமல் பாட்டு. தண்ணீர்கூட இல்லாத உபவாசத்துக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். சர்க்கரை, வலிப்பு, சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. பட்டினியிலும் தூக்கமின்மையிலும் யாருக்கும் காம உணர்வு மங்கும், பெண்கள் மேல் ஆசை உள்ள ஆணுக்கும் அப்படித்தான். மூன்றாம் நாள் "இப்போது அந்த எண்ணம் வருகிறதா?" என்று கேட்பார்கள். வரவில்லை என்று சொல்வோம், அது உண்மையும்கூட. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியதும் எல்லாம் பழையபடி திரும்பும். அப்போது பழி நம் விசுவாசக் குறைவின் மேல் விழும். எனக்கு அதிகம் வலித்தது அந்த அடிகளைவிட இந்தப் பழிதான், நான் மனதார ஜெபித்திருந்தேன்.

அங்கே கட்டாயம் மறுக்க வேண்டிய ஒன்று சாட்சி சொல்வது. மைக்கைக் கொடுத்து "கர்த்தர் என்னை விடுதலையாக்கினார்" என்று சொல்லச் சொல்வார்கள், மொபைலில் பதிவாகும், யூடியூபில் ஏறும். பெயரும் முகமும் ஊரும் அதில் இருக்கும். பிறகு அதை இறக்குவது பெரும் பாடு. "சாட்சி வேண்டாம், என் பெயரைச் சொல்லி ஜெபக்குறிப்பும் வாசிக்க வேண்டாம்" என்பதை உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே காணிக்கை எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனாலேயே வீட்டார் கூடுதலாகக் கொடுப்பார்கள்.

மத எதிர்ப்பை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. வேதத்தில் லேவியராகமம் 18:22, 20:13, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9 ஆகியவை எதிராகக் காட்டப்படும் வசனங்கள். ஆதியாகமம் 19-இன் சோதோம் கதையையும் சேர்ப்பார்கள். சோதோமின் அக்கிரமம் என்னவென்று எசேக்கியேல் 16:49 சொல்லும்போது கர்வத்தையும் உணவுச் செழிப்பையும் ஏழை எளியவருக்கு உதவாததையும்தான் முதலில் சொல்கிறது. ஆதியாகமத்திலோ ஊர் திரண்டு வந்து விருந்தாளிகளைக் கேட்டுக் கதவை உடைக்கப் பார்க்கிறது. இருவர் மனமொத்து வாழ்வதற்கும் அதற்கும் என்ன உறவு என்று நான் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. லேவியராகமமும் ரோமரும் அவ்வளவு சுலபமாக விலகாது. அவற்றை எப்படி வாசிப்பது என்பதில் சபைகளே பிளவுபட்டு நிற்கின்றன. நான் ஒரு பக்கம் வந்து சேர்ந்துவிட்டேன், இன்றும் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறேன். நீங்கள் வேறு பக்கம் சேரலாம், அது உங்கள் மனசாட்சி.

ஆனால் அந்த வசனங்களை மிகக் கண்டிப்பாகப் பிடிக்கிறவர்கள்கூட "நீ இதைத் தேர்ந்தெடுத்தாய்" என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி தன்பாலுறவுச் செயலை ஏற்பதில்லை, அந்த நாட்டத்தையும் ஒழுங்கு தவறியதாகவே சொல்கிறது, கற்போடு வாழக் கேட்கிறது. அதே நூலின் 2357-ஆம் பத்தி இந்த ஈர்ப்பின் மனத் தோற்றுவாய் பெரும்பாலும் விளக்கப்படாமலே இருக்கிறது என்கிறது. இப்படிப்பட்டவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூடக் கூடாது என்கிறது 2358. இந்த ஒரு பக்கத்தை வீட்டில் காட்ட முடிந்திருந்தால் எத்தனையோ இரவுச் சண்டைகள் குறைந்திருக்கும். "மாற்றித் தருகிறோம்" என்ற ஊழியங்கள் பலவற்றுக்குத் தாயாக இருந்தது அமெரிக்காவின் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல், 1976-இல் தொடங்கியது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று 2012-இல் பகிரங்கமாகச் சொன்னார். 2013 ஜூனில் மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார்கள். முப்பத்தேழு வருடம் இதையே ஊழியமாகச் செய்தவர்களின் கணக்கு இது. ஊழியரிடம் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். நான் இதைத் தேர்ந்தெடுத்ததாக நம்புகிறீர்களா? எவ்வளவு காலம் ஜெபித்தும் மாறாவிட்டால் என்ன சொல்வீர்கள்? இந்தப் பேச்சு இந்த அறைக்குள் நிற்குமா? இரண்டாவது கேள்விக்கு "மாறாமல் இருக்காது" என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது லாட்ஜ் வைத்தியர். மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊரில் இன்ன லாட்ஜ் என்று விளம்பரம் வரும். நாடி பிடித்துவிட்டு "நரம்புத் தளர்ச்சி, சிறுவயதுக் கைப்பழக்கம்" என்பார். ஒரு மண்டலத்துக்கு லேகியம், பொட்டலத்தில் பற்பம், பூசத் தைலம், சேர்த்து பன்னிரண்டாயிரம். ஆண்மைக்குறைவுக்கு விற்கும் அதே சரக்குதான். யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பதற்கும் விறைப்புக்கும் சம்பந்தமே இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பற்பம், செந்தூரத்தில் பாதரசமும் ஈயமும் இருக்கக்கூடும், அவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் யூரியா, கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்து, மந்திரப் பரிகாரங்கள் சட்டம் தடுக்கிறது. ரசீது தராதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பிறகு ஹார்மோன் டெஸ்ட். டெஸ்டோஸ்டிரோன், எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., புரோலாக்டின், தைராய்டு என்று ஒரு பட்டியல். எனக்கு எல்லாமே அளவுக்குள் இருந்தன, அதைப் பார்த்து அம்மா அழுதார். ஏதாவது குறைந்திருந்தால் ஊசி போட்டுச் சரி செய்யலாம் என்று நம்பியிருந்தார். தன்பாலீர்ப்புள்ள ஆணின் டெஸ்டோஸ்டிரோன் மற்ற ஆண்களைப் போலத்தான் இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அதைக் கூடுதலாகக் கொடுத்தால் ஆசையின் வேகம் கூடுமே தவிர திசை மாறாது என்பது 1940-களிலேயே தெரிந்துபோன விஷயம். எதிர்ப்பக்கமும் செய்து பார்த்தார்கள். கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்குக்கு 1952-இல் பிரிட்டனில் தண்டனையாகப் பெண் ஹார்மோன் கொடுத்தார்கள். ஆசை அடங்கியது, மார்பு வளர்ந்தது, ஈர்ப்பு மாறவில்லை.

மரபணு டெஸ்ட் என்று யாராவது சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். சுமார் நாலே முக்கால் லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த பெரிய ஆய்வு, இதற்கென்று தனியாக ஒரு ஜீன் கிடையாது, சின்னச் சின்னப் பாதிப்புள்ள பல இடங்கள் இருக்கின்றன என்றது. மரபணுக்கள் எல்லாம் சேர்ந்தும் 8 முதல் 25 சதவீத வேறுபாட்டைத்தான் விளக்கும். ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த, ஒரே சாயலுள்ள இரட்டையரில் ஒருவர் தன்பாலீர்ப்பாளராக இருந்தால் மற்றவர் அப்படி இருக்கும் வாய்ப்பு சாதாரணச் சகோதரர்களைவிட அதிகம், ஆனாலும் பல ஜோடிகளில் மற்றவர் அப்படி இல்லை. ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன்மார் எண்ணிக்கை கூடக்கூட, தம்பிக்கு அந்த வாய்ப்பு ஒவ்வோர் அண்ணனுக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுவதாகப் பல ஆய்வுகளில் தெரிகிறது. அப்போதும் பெரும்பாலான கடைக்குட்டிகள் பெண்களைத்தான் விரும்புவார்கள். இதை வைத்து "அப்படியானால் மரபணுவில் இல்லை, நீ பழகிக்கொண்டதுதான்" என்று சித்தப்பா வாதாடுவார். மரபணு மட்டுமே காரணமில்லை என்பதிலிருந்து நாம் தேர்ந்தெடுத்தோம் என்று ஆகிவிடாது. கருவில் நடப்பது எதையும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. யாரோடு வாழ்வது, வாழாமல் இருப்பது என்பதில்தான் தேர்வு வருகிறது. யாரைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது என்பதில் எனக்கு ஒருநாளும் வாய்ப்பு தரப்படவில்லை. தரப்பட்டிருந்தால், அந்த மூன்று வருடத்தில் நான் அதை ஆயிரம் தடவை மாற்றியிருப்பேன்.

மனநல மருத்துவர் கட்டம்தான் மிகவும் சிக்கலானது, அங்கே வெள்ளைக் கோட்டு இருக்கிறது. நான் போனது, தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு உயிரோடு இருந்த காலம். டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தளர்த்தியதை உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் ரத்து செய்திருந்தது. அதனால் "இது சட்டப்படியும் குற்றம் தம்பி" என்று டாக்டரே மிரட்ட முடிந்தது. கொடுத்த மாத்திரைகள் மன அழுத்தத்துக்கும் மனச்சிதைவுக்கும் கொடுப்பவை. பராக்ஸெடின் வகை மாத்திரைகள் பலருக்குக் காம உணர்வைக் குறைக்கும். ரிஸ்பெரிடோன் புரோலாக்டினைக் கூட்டும், அதனால் விறைப்பு குறையும், மார்பு வலிக்கும், எடை ஏறும். எதன் மேலும் ஆசை இல்லாமல் போவதை வீட்டார் "குணம் தெரிகிறது" என்று எடுத்துக்கொள்வார்கள், அடுத்த மாதமும் அதே சீட்டு தொடரும். எனக்குப் படிப்பும் ஓடவில்லை, இன்டர்வியூவில் வாக்கியம் முடிக்கவும் முடியவில்லை. நீங்கள் இப்போது இப்படி மாத்திரையில் இருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரும், பராக்ஸெடினில் அது கடுமை. அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு வெளிநோயாளியாகப் போய் சீட்டைக் காட்டி, படிப்படியாகக் குறைக்கக் கேளுங்கள். உண்மையிலேயே மன அழுத்தம் இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படலாம், அதையும் ஒதுக்காதீர்கள்.

மாத்திரையோடு "பயிற்சி" என்றும் நடத்துவார்கள், ஒரு அமர்வுக்கு ஆயிரத்து ஐந்நூறு. மணிக்கட்டில் ரப்பர் பேண்ட், ஆண் நினைவு வந்தால் சுண்டி இழுத்து வலியூட்ட வேண்டும். பெண்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு சுய இன்பம், பிறகு அதைப் பற்றி டைரி. வலியால் ஒரு எதிர்வினையை அடக்கலாம், இல்லாத ஈர்ப்பை வலியால் உண்டாக்க முடியாது. மிஞ்சுவது உடலுறவு என்றாலே ஒரு நடுக்கம், அது போக வருடங்கள் ஆகும். மாற்றம் சாத்தியம் என்பதற்கு ஒரு காலத்தில் பெரிய ஆதாரமாகக் காட்டப்பட்டது அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. மாறிவிட்டதாகச் சொன்ன 200 பேரைத் தொலைபேசியில் கேட்டதுதான் அதன் அடிப்படை. 2012-இல் அது தவறு என்று அவரே மன்னிப்புக் கேட்டார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-இலும், உலக சுகாதார நிறுவனம் 1990-இலும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன.

இன்று உங்கள் கையில் நான் போனபோது இல்லாத ஆயுதங்கள் இருக்கின்றன. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்த உறவு குற்றமில்லை என்றது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், மருத்துவத்தால் பாலீர்ப்பை மாற்ற முயல்வதைத் தடை செய்தார். தீர்ப்பு எழுதும் முன் தானே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதையும் அவர் மறைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இப்படி மாற்ற முயல்வதைத் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு அறிவித்தது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, சமூகத்தின் ஒழுக்க நெறிக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது.

எனவே டாக்டர் எதிரே உட்கார்ந்தால் கேட்க வேண்டியது ஒன்றே: "இந்த மாத்திரை எந்த நோய்க்கு? அதன் பெயரைச் சீட்டில் எழுதித் தாருங்கள்." மாற்றுவதாகச் சொல்பவர் எழுத மாட்டார். எழுதினால் அதுவே சாட்சியம். ஒவ்வொரு சீட்டையும் பில்லையும் போட்டோ எடுத்து வீட்டில் யாரும் திறக்காத மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். உள்நோயாளியாக இருந்திருந்தால் கோப்புகளைக் கேட்க உரிமை உண்டு, கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும். டாக்டர் மேல் புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், முதலில் அதைக் கேளுங்கள். வெறும் "கவுன்சிலர்" என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம்.

ஐயர், வைத்தியர், டாக்டர் மூவரும் ஒரே குரலில் சொன்னது கல்யாணம். அதில் சிக்குவது இன்னொரு வீட்டுப் பெண். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. மறுப்பதானால் பெண் பார்க்கப் போகும் முன்பே மறுக்க வேண்டும். நிச்சயம் முடிந்தபின் மறுத்தால் இரண்டு குடும்பத்தின் மானப் பிரச்சினையாகிவிடும், உங்கள் குரல் எடுபடாது. வேலையைச் சாக்குச் சொல்வது ஆறு மாதம் தாங்கும். அதற்குள் வீட்டில் பேச்சு எடுபடும் ஒருவரிடம், தாய்மாமாவோ பெரிய அத்தையோ, தனியாகச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. போன் பறிபோகும், சில வாரங்களுக்குள்ளேயே கல்யாணம் பேசி முடித்துவிடுவார்கள். பதினெட்டு வயது நிறைந்தவரைப் பெற்றோரே ஆனாலும் அடைத்து வைக்க முடியாது. அவசரத்துக்கு 112, இலவச சட்ட உதவிக்கு 15100. வெளியே இருக்கும் தோழியோ நண்பரோ ஆட்கொணர்வு மனு போடலாம். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு மனுவில், இருபத்தைந்து வயதுப் பெண்ணை அவர் விருப்பப்படி போக விட்டது. தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. இதற்கு முன்னேற்பாடு முக்கியம்: ஆதார், மதிப்பெண் சான்றிதழ், பான் எல்லாம் டிஜிலாக்கரில் இருக்கட்டும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும், உங்கள் சிம்மோடு இணைந்திருக்கட்டும். "இத்தனை நாள் என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் இதைச் செய்" என்று ஒருவரிடம் எழுத்தில் கொடுத்து வையுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் 14416, டெலி மானஸ். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

வீட்டார் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றால், டாக்டரை நீங்கள் தேர்ந்தெடுங்கள். முன்கூட்டியே போன் செய்து, "தன்பாலீர்ப்பை நோயாகப் பார்க்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்பவரிடம் அப்பா அம்மாவையும் கூட்டிப்போய், முதல் அரைமணி நேரம் அவர்களை மட்டும் உள்ளே அனுப்புங்கள். பிள்ளையின் எதிரே கேட்கக் கூசும் கேள்விகள் அவர்களிடம் நிறைய இருக்கும். வளர்ப்பில் குறையா, ஹாஸ்டலில் சேர்த்ததாலா, பால் கொடுத்தது போதவில்லையா என்று அம்மா கேட்டிருக்கிறார். இல்லை என்ற பதில் ஒரு டாக்டரின் வாயிலிருந்து வந்தபோதுதான் அவர் நம்பினார். அப்பா இன்னும் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு புது வைத்தியர் யார் பெயரும் வீட்டில் அடிபடவில்லை.